கிராண்டில் இருந்த அண்ணன்

கிள்ளானில் நான் வேலை பார்த்த கார் ஷோரூமில், போன மாதம் முதல் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, என் இடத்தில் ஒரு செயலி வேலைக்குச் சேர்ந்திருக்கிறது. பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதிய கார் வாங்க நினைப்பவர் இனி எங்கள் வாசலை மிதிக்கவே வேண்டாம். தன் வீட்டு வாசலில் நின்று காரை எட்டுப் பக்கம் படம் பிடித்து அனுப்பினால் போதும், ஒரு நிமிடத்துக்குள் மதிப்பு வந்துவிடுமாம். உரிமையாளர் பெயர் மாற்றமும் கூடிய சீக்கிரம் கைப்பேசியிலேயே முடிந்துவிடும் என்று பேச்சு. இதை எனக்குப் பெருமையோடு தெரிவித்த பழைய சகாக்கள், "அண்ணே, உங்க காலத்துல எப்படிச் செஞ்சீங்கன்னு எழுதிக் குடுங்க, கம்பெனி மலர்ல போடலாம்" என்றார்கள். இருபத்தொன்பது ஆண்டுகள் அங்கே இருந்து நான் எழுதிக் கொடுத்த குறிப்புகளில் ஒன்றையாவது இவர்கள் கடைசி வரி வரை படித்ததாக எனக்கு நினைவில்லை. வேலையில் இருப்பவன் எழுதினால் தொல்லை, ஓய்வு பெற்றவன் எழுதினால் மலர்.

என்னிடம் இருபத்தொன்பது நாட்குறிப்புகள் இருக்கின்றன. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, யாருடைய காரின் எந்தக் கதவு சரியாக மூடவில்லை என்பதெல்லாம் அவற்றில் உண்டு. இங்கே கிழமையையும் மாதத்தையும் மட்டும் சொல்லி ஆண்டுகளை விட்டுவிடுகிறேன். பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் இதே சாலைகளில்தான் கார் ஓட்டுகிறார்கள், எனக்குப் பின்னாலும் வருகிறார்கள்.

பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. முதல் ஆறு மாதம் கார் கழுவினேன். அடுத்த ஆறு மாதம், நன்றாகக் கழுவி வந்த காரைச் சந்தேகப்படக் கற்றுக்கொண்டேன். அத்துடன் பயிற்சி முடிந்தது என்று சொல்லி, 'டிரேட்-இன் ஆபீசர்' என்ற அட்டையைச் சட்டைப் பையில் குத்திவிட்டார்கள். பழைய காரைப் பார்த்து அதற்கு விலை சொல்வது வேலை. மருத்துவர் மாதிரி என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். ஆனால் மருத்துவரிடம் வருகிறவர் நோயைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வார். என்னிடம் வருகிறவர் ஏர்கான் வேலை செய்யாத காரில் வியர்வை சொட்டச் சொட்ட இறங்கி, "வண்டில ஒரு குறையும் இல்ல பாஸ், நேத்துதான் சர்வீஸ் பண்ணேன்" என்பார்.

நான் ஒரு முறை வைத்திருந்தேன். காரை இடமிருந்து வலமாக ஒரே ஒரு சுற்று, அவசரப்படாமல். டயரின் பக்கவாட்டில் அது செய்யப்பட்ட வாரமும் வருடமும் நான்கு எண்களாக அச்சாகியிருக்கும், அதைக் குறிக்க வேண்டும். கண்ணாடிகளின் மூலையில் ஆண்டுக் குறி இருக்கும். நான்கு கண்ணாடி ஒரு வயது, ஐந்தாவது வேறு வயது என்றால் அந்தப் பக்கம் ஏதோ நடந்திருக்கிறது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்க்க வேண்டும். வெள்ளத்தில் மூழ்கிய காரை எவ்வளவு கழுவினாலும், சுருண்டு கிடக்கும் பெல்ட்டின் கடைசி முழத்தில் ஒரு சேற்றுக் கோடு தங்கிவிடும். கிள்ளானிலும் ஷா ஆலமிலும் மழை தவறாமல் பெய்வதால் இந்தக் கோட்டுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. அடிபட்ட இடத்தில் துருவின் நிறத்தையும் பரவலையும் வைத்து அடியின் வயதைச் சொல்வேன். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அந்தக் கர்வத்தின் கதியைப் பின்னால் சொல்கிறேன்.

மலிவான புதுக் கார் ஒன்று வாங்க எங்கள் தமிழ் ஆட்கள் குறைந்தது ஐந்து பேராக வருவார்கள். பணம் கட்டப்போகிறவர் ஒருவர், அவர் மட்டும் பேசமாட்டார். முன்பு எப்போதோ டாக்ஸி ஓட்டிய மச்சான் ஒருவர், புத்தம் புதுக் காரின் டயரை உதைத்துப் பார்ப்பார். பின்சீட்டில் உட்கார்ந்து முழங்கால் இடிக்கிறதென்று சொல்ல ஒரு அக்கா. ஈப்போவில் இருக்கும் யாருக்கோ போன் போட்டு விலை சரியா என்று கேட்க ஒருவர். ஐந்தாமவர் இலவசமாகக் கிடைக்கும் தரைவிரிப்பைப் பற்றி மட்டுமே பேசுவார். வெள்ளைக் கார் காட்டினால் "ஆம்புலன்ஸ் மாதிரி இருக்கு லா" என்பார்கள். கறுப்பு காட்டினால் சூடு தாங்காது. சிவப்பு காட்டினால் வயசுப் பையன் ஓட்டுவது. இரண்டு மணி நேரம் கழித்து வெள்ளையே வாங்கிப் போவார்கள். பின் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க நாங்களே ஒரு கூடை வாங்கி வைத்திருந்தோம்.

என் பரிசோதனைப் பட்டியலின் முப்பத்தோராவது வரி 'டேஷ்போர்டில் உள்ள சாமியை எடுத்தாகிவிட்டதா?' என்பது. இந்த வரி எதற்கென்று தலைமை அலுவலகம் கேட்டு எழுதியது. பழைய காரோடு போய்விட்ட முருகனைத் தேடி ஒரு அம்மா மூன்று நாள் எங்கள் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்ததையும், கார் அதற்குள் ஜொகூருக்கு விற்கப்பட்டுவிட்டதையும் விளக்கிப் பதில் எழுதினேன். பதில் வரவில்லை. வரி மட்டும் அப்படியே இருந்தது.

என் மேலாளர் மிஸ்டர் குவான். ஒல்லியான மனிதர். கோபத்தில் கூட அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. குரல் இறங்கினால்தான் பயப்பட வேண்டும். பழைய கார் ஒன்று உள்ளே நுழைந்ததும் அறையை விட்டு வெளியே வருவார். காரின் கூரையை இரண்டு விரலால் தட்டுவார், ஏதோ தர்பூசணி வாங்க வந்தவர் போல. பிறகு காரைப் பார்க்காமல், கூட வந்தவர்களைப் பார்த்து, "ஓனர் மானா?" என்று கேட்பார். மலாயில் 'உரிமையாளர் எங்கே?' என்று அர்த்தம். பதில் சொல்ல எங்கள் ஆட்கள் எடுத்துக்கொள்ளும் நேரத்தை அவர் கைக்கடிகாரத்தில் பார்ப்பார். மூன்று வினாடிக்கு மேல் போனால் என் பக்கம் திரும்பி, "ராஜு, யூ ஹேண்டல்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுவார்.

அந்த மூன்று வினாடிக்குக் காரணம் உண்டு. எங்கள் குடும்பங்களில் கார் ஒருவருடையது, கிராண்டில் இருக்கும் பெயர் வேறொருவருடையது. கிராண்ட் என்பது காரின் பதிவுப் பத்திரம். லோன் கேட்டால் வங்கி சம்பளச் சீட்டு கேட்கும். அந்தச் சீட்டு குடும்பத்திலேயே அரசாங்க வேலை பார்க்கும் ஒரே ஒருவரிடம்தான் இருக்கும். அவர் பெயரில் வாங்கி, இவர் மாதாமாதம் கட்டி, இவரே ஓட்டுவார். வாங்குகிற அன்று எல்லோரும் ஒன்றாக நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பத்து வருடம் கழித்து அந்தக் காரைக் கொடுத்துப் புதிது வாங்க வரும்போதுதான், கிராண்டில் இருக்கிற ஆள் நேரில் வந்து கருவியில் கட்டைவிரல் வைத்தால்தான் பெயர் மாறும் என்பது நினைவுக்கு வரும். பத்து வருடத்தில் குடும்பத்தில் என்னவெல்லாமோ நடந்திருக்கும். நான் பார்த்தது கார் வேலை என்று கம்பெனி நம்பியது. வேலை நேரத்தில் பாதி, கட்டைவிரல்களை வரவழைப்பதிலேயே போனது.

அப்படி வரவழைத்ததில் ஒன்றைச் சொல்கிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு நடந்தது.

மார்ச் மாதம் இரண்டாவது செவ்வாய், காலை பத்தே கால். பரிமளா என்ற பெண்மணி தனியாக வந்தார். தனியாக வந்ததே ஒரு செய்தி என்பதால் நாட்குறிப்பில் அதன் கீழ் கோடு போட்டிருக்கிறேன். நாற்பத்தாறு வயது. கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் உதவியாளர். வீடு சுங்கை வேயில், அடுக்குமாடி. கணவர் லோரியில் வடக்கே போனால் வாரம் ஒருமுறை வருபவர். பரிமளா கொண்டுவந்தது பதினோரு வயதான சின்னக் கார், வெள்ளி நிறம். சூடு ஏறினால் நின்றுவிடும்.

"இன்னைக்கு நல்ல நாளு அண்ணே. வழியில ஒரே ஒரு தடவதான் நின்னுச்சு."

அவருக்கு வேண்டியது எங்களிடம் இருந்ததிலேயே மலிவான புதுக் கார். அந்த ரகத்தில் ஒன்றே ஒன்று இருந்தது, யாரோ பதிவு செய்துவிட்டுப் பின்வாங்கியது. அடுத்தது வர மூன்று மாதம். அவரால் மூன்று மாதம் காத்திருக்க முடியாது. ஷிப்ட் காலை ஆறு மணிக்கு. பழைய கார் நெடுஞ்சாலையில் நின்றதால் இரண்டு முறை தாமதமாகி, இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் வாங்கியிருந்தார்.

"மூணாவது வாங்குனா வேலை போச்சு. இப்ப கூட வேலை செய்யுற ஃபரிடாதான் ஏத்திட்டு வரா. சனிக்கிழமையோட அவளும் பிள்ளை பெத்துக்கப் போறா. திங்கக்கிழமைக்கு எனக்கு ஓடுற கார் ஒண்ணு வேணும் அண்ணே. கலரு, நம்பரு, ஒண்ணும் கேக்க மாட்டேன்."

இருபத்தெட்டு ஆண்டில் இப்படி ஒரு வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை. குவான் கூட அசந்துபோய், சனிக்கிழமை மாலை ஐந்து மணி வரை அந்தக் காரைப் பிடித்துவைக்கச் சம்மதித்தார். பழைய காரின் மதிப்புத்தான் முன்பணம். ஆகவே எல்லாம் அந்த வெள்ளிக் காரைப் பொறுத்தது.

சுற்றி வந்தேன். காரின் பின்பக்கம் பூட் மூடியின் கீழ் விளிம்பில் ஒரு பள்ளம், பெயிண்ட் வெடித்துத் துரு பூத்திருந்தது. தடவிப் பார்த்து 'அடி, சுமார் இரண்டு ஆண்டு' என்று எழுதினேன். அடுத்து கிராண்டை வாங்கிப் பார்த்தேன். உரிமையாளர் பெயர், தனபாலன்.

"யாருங்க இவரு?"

"எங்கண்ணன்."

"சனிக்கிழமைக்குள்ள வந்து கைரேகை வைக்கணும்."

பரிமளா காரைப் பார்த்தார். "அவரு என்கூடப் பேசி ஒம்பது வருஷம் ஆச்சு அண்ணே."

காரணம் ஒரு அழைப்பிதழ். பரிமளாவின் மகளுக்குச் சடங்கு வைத்தார்கள். பத்திரிகையில் தாய்மாமன் பெயர் அச்சகத்தில் விடுபட்டுப்போனது. முந்நூறு பத்திரிகையும் அச்சாகி வந்த பிறகுதான் தெரிந்தது. திரும்ப அச்சடிக்க நாளில்லை. ஆகவே பரிமளா இரண்டு இரவு உட்கார்ந்து, முந்நூறிலும் அண்ணன் பெயரைத் தன் கையால் எழுதினார். "பெயரே இல்லாம குடுத்திருந்தா கூட மன்னிச்சிருப்பாரு போல. 'மத்தவன் பேரெல்லாம் தங்க எழுத்துல மின்னுது, என் பேரு பால்பாயிண்ட்லயா?'ன்னு கேட்டுட்டு, சீர்த்தட்டைக் கொண்டாந்து வாசல்ல வச்சிட்டுப் போனவருதான்." ஒன்பது ஆண்டுகள். நம்மவர்கள் சொத்துக்காகச் சண்டை போடுவதாக வெளியே ஒரு பேச்சு இருக்கிறது. எழுத்துருவுக்காகவும் போடுவோம்.

இதுவரை எல்லாம் வழக்கமான வேலை. இனி வருவது நான் செய்த பிழை.

காரை வாங்கிக்கொள்ளும் முன், அதன்மேல் போக்குவரத்துச் சம்மன் ஏதாவது கட்டாமல் இருக்கிறதா என்று கணினியில் பார்ப்பது நடைமுறை. பார்த்தேன். ஒன்பது ஆண்டில் ஏழு சம்மன்கள், எல்லாம் வேகக் கேமராவில் பிடிபட்டவை. ஏழும் கட்டப்பட்டிருந்தன.

"ஏழு தடவை ஃபைன் கட்டியிருக்கீங்க போல."

"நானா? பதினோரு வருஷத்துல ஒரு சம்மன் வாங்குனதில்ல அண்ணே. சம்மன் பாக்கி இருந்தா ரோட் டாக்ஸ் குடுக்க மாட்டாங்க, எனக்கு ஒரு தடவ கூட பிளாக் ஆனதில்ல. என் டிரைவிங் அப்படி."

அவர் முகத்தில் பொய் இல்லை. கணினியிலும் பொய் இல்லை. இரண்டுமே உண்மை என்றால் என்ன அர்த்தம் என்று நிதானமாக யோசித்தேன். நிறைய படிக்கிறவனுக்கு வரும் நோய் எனக்கும் உண்டு, எளிய விடை கண்ணில் படாது. இதே நம்பரைப் போட்டுக்கொண்டு எங்கோ ஒரு போலிக் கார் ஓடுகிறது என்று முடிவு செய்தேன். அதை ஒரு பக்கக் குறிப்பாக, ஏழு தேதிகளையும் வரிசையாகப் போட்டு எழுதி, மதியம் மூன்று மணிக்கு குவானிடம் கொடுத்தேன். சம்மன் தபாலில் யார் வீட்டுக்குப் போகும் என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. அந்தக் குறிப்பின் நடை மட்டும் நன்றாக இருந்தது.

என் குறிப்புகளில் குவான் முழுதாகப் படித்தது அது ஒன்றுதான். அவர் குரல் இறங்கியது. "குளோன் கார்? நான் எடுக்க மாட்டேன். ஓனர் வந்து எழுதிக் கொடுக்கட்டும். ஓனர் மானா?"

பரிமளாவிடம் சொன்னேன். அவர் அழவில்லை. கைப்பையை மூடி, "சம்மன் வாங்காம ஓட்டுனதுக்கு இதான் பரிசா அண்ணே?" என்று கேட்டுவிட்டு, காரை எங்களிடமே விட்டுவிட்டுப் பஸ் பிடிக்கப் போனார்.

வியாழக்கிழமை எனக்கு விடுமுறை. நான் கிளப்பிய பூதம் என்பதால், கிராண்டில் இருந்த தனபாலனின் முகவரியைக் குறித்துக்கொண்டு நானே பிரிக்பீல்ட்ஸ் புறப்பட்டேன், ரயிலில். வாழ்நாள் முழுக்கக் கார் விற்றவன் பிரிக்பீல்ட்ஸுக்குக் கார் எடுத்துப் போகமாட்டான், நிறுத்த இடம் கிடைக்காது. சேலைக் கடைகளுக்குப் பின்னால் பழைய அடுக்குமாடி, மூன்றாவது மாடி. பதினொன்று பத்துக்குக் கதவைத் தட்டினேன்.

திறந்தவர் கையில் இஸ்திரிப் பெட்டி இருந்தது. தனபாலன், வயது அறுபத்து மூன்று, அரசாங்க மருத்துவமனையின் சலவைப் பிரிவில் முப்பத்திரண்டு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் லுங்கிக்குக் கூட மடிப்பு வைத்து இஸ்திரி போட்டிருந்தார்.

விஷயத்தைச் சொன்னேன்.

"அவ அனுப்புனாளா?"

"இல்லங்க. நானா வந்தேன்."

"அப்ப நீங்களாவே போயிட்டு வாங்க."

கதவு மூடுவதற்குள் கணினித் தாளை நீட்டினேன். "உங்க நம்பர்ல போலி வண்டி ஒண்ணு ஓடுது. ஏழு சம்மன். இதெல்லாம் உங்க வண்டி இல்லன்னு ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா..."

கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தார்.

"போலி வண்டியா? எந்த மடையன்யா இதைச் சொன்னது?"

"நான்தாங்க."

"உக்காருங்க."

டிவிக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்துவந்தார். உள்ளே ஏழு சம்மன்கள், தேதி வரிசையில். ஒவ்வொன்றிலும் கேமரா எடுத்த படம், காரின் பின்பக்கம். ஒவ்வொன்றின் இடது மேல் மூலையிலும் பணம் கட்டிய ரசீது பின் அடிக்கப்பட்டிருந்தது. ரசீதை இடது மேல் மூலையில் பின் அடிக்கும்படி எங்கள் குமாஸ்தாக்களிடம் இருபத்தெட்டு ஆண்டுகளாகக் கெஞ்சியிருக்கிறேன். பிரிக்பீல்ட்ஸில் ஒருவர் யாரும் சொல்லாமலே செய்துகொண்டிருந்தார்.

"இது நெடுஞ்சாலை, காலைல அஞ்சு அம்பது. வேலைக்கு லேட்டு, பறக்குறா. இது ஈப்போ பக்கம், தீபாவளிக்கு முந்துன நாளு. மாமியார் வீட்டுக்குப் போறா. இதுல பாருங்க, பின்னால பூட் மூடி நல்லா இருக்கு. அடுத்ததுல பாருங்க, உள்ள போயிருக்கு. எவனோ இடிச்சிருக்கான். இவ ரிப்பேர் பண்ணல. கையில காசு இல்ல போல." விரலால் படத்தைத் தொடாமல் மேலேயே சுற்றிக் காட்டினார். "அதுக்கப்புறம் பதினாலு மாசம் ஒண்ணுமே வரல. ஒரு சம்மன் கூட இல்ல. ஆளு இருக்காளா, கார் இருக்கான்னே தெரியல. ஒரு ஞாயித்துக்கிழமை சுங்கை வே போயி அந்த ஃபிளாட்டு கார்பார்க்க ஒரு சுத்து சுத்துனேன். நின்னுச்சு. ரோட் டாக்ஸ் புதுசா ஒட்டியிருந்துச்சு. வந்துட்டேன்."

"மேல வீட்டுக்குப் போகலியா?"

"என்னை எவன் கூப்பிட்டான்?"

நான் எச்சரிக்கைக் கடிதங்களைப் பற்றிச் சொன்னேன். சனிக்கிழமை ஐந்து மணியைப் பற்றியும் சொன்னேன். அவர் ஃபைலை மூடி, மூலைகளைத் தட்டிச் சரிசெய்தார்.

"வந்து கை வைக்கிறேன். கார் விஷயம், அவ்வளவுதான். இந்த ஃபைலப் பத்தி அவகிட்ட மூச்சு விட்டீங்கன்னா, வச்ச கையைத் திருப்பி எடுத்துக்குவேன்."

வைத்த கைரேகையைத் திருப்பி எடுக்க நடைமுறை இல்லை. அதை அவருக்கு விளக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் இரண்டரைக்கு வந்து இறங்கினார். சட்டையில் அவ்வளவு கஞ்சி, சட்டை முதலில் வந்தது, அவர் பின்னால் வந்தார். குவான் வெளியே வந்து வழக்கம்போல் வெள்ளிக் காரின் கூரையைத் தட்டி, "ஓனர் மானா?" என்றார்.

"சாயா லா ஓனர்" என்றார் தனபாலன், ஒரு வினாடியில். நான்தான் உரிமையாளர் என்று இவ்வளவு வேகமாக யாரும் சொன்னதில்லை. குவான் தன் கைக்கடிகாரத்தை நம்பாமல் பார்த்தார். போலிக் காரைப் பற்றிய என் குறிப்பை அன்று காலையே திரும்பப் பெற்றிருந்தேன். அவர் அந்தக் குறிப்பை விசிறியாக உபயோகித்தார்.

பரிமளா மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தார். இருவரும் என் மூலமாகப் பேசினார்கள். அவர்களுக்கு நடுவில் நான் ஒரு தபால் பெட்டி.

"அவங்க வாங்கப்போற கார் இதானான்னு கேளுங்க."

"ஆமான்னு சொல்லுங்க அண்ணே."

"கலரு நனைஞ்ச சிமெண்டு மாதிரி இருக்குன்னு சொல்லுங்க."

"ஓட்டப்போறது நானுன்னு சொல்லுங்க."

புதுக் காரின் டயரைத் தனபாலனும் உதைத்துப் பார்த்தார். பின்சீட்டில் உட்கார்ந்து முழங்கால் இடிக்கிறதென்றார். ஐந்து பேர் வேலையைத் தனி ஆளாகச் செய்தார் என்பதை மறுக்க முடியாது. எல்லாம் முடிந்து, கருவியின் முன் உட்கார்ந்து, ஒன்பது ஆண்டுகளாகக் கொடுக்காமல் வைத்திருந்த கட்டைவிரலை, பதக்கம் வாங்குகிறவர் போல நிமிர்ந்து வைத்தார்.

சிவப்பு விளக்கு. ரேகை பொருந்தவில்லை.

இன்னொரு முறை. சிவப்பு.

நான் அவர் விரலைத் திருப்பிப் பார்த்தேன். கோடே இல்லை. முப்பத்திரண்டு ஆண்டு சலவை மருந்திலும் கொதிநீரிலும் விரல் கண்ணாடி மாதிரி வழவழப்பாகியிருந்தது. மூன்றாவது முறையும் தவறினால் அன்றைக்குக் கருவி பூட்டிக்கொள்ளும். பிறகு திங்கட்கிழமை ஷா ஆலமில் போக்குவரத்து இலாகா கவுண்டருக்குப் போய், கடிதம் கொடுத்து, அவர்கள் பதில் தரும் வரை காத்திருக்க வேண்டும். திங்கட்கிழமை ஆறு மணிக்குப் பரிமளாவுக்குக் கார் இருக்காது. மணி மூன்று ஐம்பது.

"எங்கிட்ட ரேகையே இல்லன்னு சொல்லுறியா?" என்றார் தனபாலன். யாரிடமும் இல்லை, கருவியிடம்.

பரிமளா எழுந்து வந்தார். "அண்ணே, கொஞ்சம் வெந்நீ கிடைக்குமா? ஒரு துண்டும் வேணும்." இந்த அண்ணே நான். டயாலிசிஸ் நிலையத்தில் தினமும் வற்றிப்போன கைகளோடு மல்லுக்கட்டுகிறவர் அவர். காபி இயந்திரத்திலிருந்து வெந்நீர் கொடுத்தேன். துண்டை நனைத்து அண்ணன் கையைச் சுற்றி வைத்தார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு களிம்பை எடுத்துக் கட்டைவிரலில் தடவி, கீழிருந்து மேலாகத் தேய்க்க ஆரம்பித்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. விரலை மட்டும் பார்த்தார்கள்.

சும்மா நிற்கத் தெரியாதவன் நான். மதிப்பீட்டுத் தாளை எடுத்து, உரிமையாளரிடம் படித்துக் காட்டும் நடைமுறையை ஆரம்பித்தேன். டயர், கண்ணாடி, சீட் பெல்ட். "பூட் மூடியில் அடி, சுமார் இரண்டு ஆண்டு."

"மூணு வருஷம் மூணு மாசம்" என்றார் தனபாலன்.

"துருவைப் பார்த்தா ரெண்டுதான் சொல்லலாம்."

"துரு என்னய்யா துரு? நவம்பர்ல இல்ல, ஜனவரில இருக்கு. நடுவுல நடந்தது. நான் படத்தோட..."

நிறுத்திக்கொண்டார். ஆனால் வாயிலிருந்து வந்துவிட்டது. தன் கணக்கை ஒருவன் தப்பாகச் சொல்லும்போது, தேதி தெரிந்தவனால் சும்மா இருக்க முடியாது. இந்தப் பலவீனம் எனக்குப் பழக்கமானது.

பரிமளாவின் கை நின்றது. "என்ன படம்?"

குவான் கூட அறைக்குள் போகாமல் நின்றார்.

"என் காரு எப்ப அடிபட்டுச்சுன்னு உனக்கெப்படித் தெரியும்?" ஒன்பது ஆண்டில் முதல் முறையாக நேரே கேட்ட கேள்வி. பிறகு அவரே மெதுவாக, "அந்த ஏழு சம்மன்..." என்றார்.

"ஏழும் உன்னோடதுதான். நீ என்னமோ பெரிய டிரைவராம்."

"நீயா கட்டுன?"

"என் பேர்ல வந்துச்சு, நான் கட்டுனேன்" என்றார் தனபாலன். "என் பேரு. ஒழுங்கா அச்சடிச்சு வந்துச்சு."

பரிமளா சிரித்தாரா அழுதாரா என்று நாட்குறிப்பில் எழுதவில்லை. எனக்கே சரியாகத் தெரியவில்லை. ஆனால் விரலை விடவில்லை. இன்னும் கொஞ்சம் களிம்பு போட்டு, இன்னும் அழுத்தித் தேய்த்தார், தண்டனை மாதிரி. நான்கு முப்பத்தைந்துக்குக் கையைத் துடைத்து, அண்ணன் விரலைத் தன் இரண்டு விரலால் பிடித்து, கருவியின் மேல் அவரே வைத்து அழுத்தினார்.

பச்சை.

நடைமுறைப்படி இன்னொருவர் தொடக்கூடாது. அந்த வரியை அன்று நானும் குவானும் சேர்ந்து மறந்தோம்.

மீதியிருந்தது புதுக் காரின் பதிவுப் படிவம். இப்போது பரிமளாவிடம் சொந்தச் சம்பளச் சீட்டு இருந்தது. கிராண்டில் முதல் முறையாக அவர் பெயரே வரும். நான் பெரிய எழுத்தில் நிரப்பிக்கொண்டிருந்தேன். தனபாலன் எட்டிப் பார்த்தார். பெயர்க் கட்டத்தைப் படித்தார். "நல்லது" என்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். இனி அவர் வீட்டுக்கு எந்தச் சம்மனும் வராது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவருக்கு என்னைவிட முன்னாலேயே உறைத்திருக்க வேண்டும்.

"தபால் முகவரி?" என்றேன்.

பரிமளா சுங்கை வே முகவரியைச் சொல்லவில்லை. பிரிக்பீல்ட்ஸ், மூன்றாவது மாடி, வீட்டு எண் உட்பட, மனப்பாடமாக.

"ஏய், அங்க எதுக்கு?" என்றார் தனபாலன். "இனிமே ஒரு சம்மன் வந்துச்சு, கிழிச்சுக் குப்பையில போட்ருவேன்."

"போடு. தேதியைப் பாத்துட்டுப் போடு."

ஐந்து மணிக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது படிவத்தில் முத்திரை குத்தினேன். எலுமிச்சம்பழக் கூடையைத் தனபாலனே எடுத்துவந்தார்.

போன வாரம் சகாக்கள் அந்தச் செயலியை என் கைப்பேசியில் ஏற்றிக் காட்டினார்கள். சோதனைக்கு என் பழைய காரையே படம் பிடித்துப் போட்டுப் பார்த்தேன். டயரின் வயதைச் சரியாகவே சொன்னது, ஒப்புக்கொள்கிறேன். புதுக் கார் பதிவுப் பக்கத்தில் தபால் முகவரிக்குக் கட்டம் எங்கே என்று கேட்டேன்.

"அதெல்லாம் இப்ப இல்ல அண்ணே" என்றார்கள். "எல்லா நோட்டீஸும் நேரா ஓனர் போனுக்கே போயிரும். வேற யாருக்கும் தொந்தரவு இல்ல."